முறுக்குப் பாட்டுக்கு வந்த வழக்கு

நெய்தலூரை ஆண்ட திருமாற ராஜாவுக்குப் பாட்டு காதில் விழுந்தால் சோறுகூட வேண்டாம். அதிலும் மார்கழி பிறந்து கிறிஸ்துமஸ் நெருங்கிவிட்டால் அவரைக் கையில் பிடிக்க முடியாது. "இந்த வருஷம் ஜனங்கள் வாயில் எந்தப் பாட்டு முதலாக நிற்கிறது?" என்று தினமும் கேட்பார்.

அதைக் கண்டுபிடிக்க ஒரு வழியும் வைத்திருந்தார். ஆற்றுத் துறையில் தோணி ஓட்டும் கடம்பனிடம் பாட்டுக்கு ஒரு குடம். தோணியில் ஏறுகிறவர் எந்தப் பாட்டை முணுமுணுத்தாலும் அந்தப் பாட்டின் குடத்தில் ஒரு புளியங்கொட்டை விழும். எந்தக் குடம் நிறைகிறதோ அதுவே முதல் பாட்டு. அதைக் கட்டியவர்களுக்கு ராஜாவிடம் கேட்டது கிடைக்கும்.

அந்த வருஷம் சங்குத்துறைப் பெண்கள் கட்டிய முறுக்குப் பாட்டுக் குடம் வாய்வரை நிறைந்து, கொட்டை வெளியே சிந்தியது. அவர்களுடைய மாதா கோயிலின் கூரையை ஐப்பசிப் புயல் தூக்கிக்கொண்டு போயிருந்தது. "கூரைக்குத் தேக்கு வேண்டும் மகாராஜா. கிறிஸ்துமஸுக்கு ஐந்து நாள்தான் இருக்கிறது" என்று கைகூப்பி நின்றாள், கருவாட்டுக் கொட்டகையில் வேலை செய்யும் மதலேனம்மாள்.

ராஜா வாயெடுப்பதற்குள் ஆஸ்தானக் கவி இராயப்பப் பாவலர் எழுந்தார். அவரும் அந்த வருஷம் நூற்றிருபது விருத்தத்தில் ஒரு பாட்டு எழுதியிருந்தார்.

"மகாராஜா, முறுக்குப் பாட்டு கிறிஸ்துமஸ் பாட்டே அல்ல! அதில் கொட்டில் இல்லை, குழந்தை இல்லை, நட்சத்திரம் இல்லை, சேதி சொல்லும் தூதரும் இல்லை. இந்த நாலும் இருப்பதுதான் கிறிஸ்துமஸ் பாட்டு."

ராஜாவுக்கு ஓலை வாசிக்கும் பிலவேந்திரன் பக்கத்தில் நின்றான். மதலேனம்மாளின் முகம் வாடியதை அவன் பார்த்தான். கையிலிருந்த ஓலைக் கட்டைப் புரட்டினான். ஒன்றை உருவினான்.

"மகாராஜா, அப்படியானால் காலையில் வந்த இந்த ஓலையும் போட்டிக்கு உண்டு" என்று சொல்லி ராகம் போட்டே வாசித்தான்: "மாட்டுக் கொட்டில் காக்கும் ஆண்டிக்கு நேற்று ஆண் குழந்தை பிறந்தது. நட்சத்திரம் சுவாதி. சேதி கொண்டுவந்த தூதர் அவனுடைய மாமியார். இரண்டு நாள் விடுப்பு வேண்டும்!"

சபை கொல்லென்று சிரித்தது. "விடுப்பு கொடுத்தேன். பாட்டாக ஒப்புக்கொள்ளமாட்டேன்" என்றார் ராஜா.

பாவலர் தொண்டையைச் செருமினார். "இன்னொரு விதியும் உண்டு. மற்ற நாளில் பாடாததுதான் கிறிஸ்துமஸ் பாட்டு. இவர்களோ கல்யாணத்துக்கு முறுக்கு சுட்டாலும் இதையேதான் பாடுகிறார்கள்."

குடங்களோடு சபைக்கு வந்திருந்த தோணிக்காரன் பக்கம் பிலவேந்திரன் திரும்பினான். "கடம்பா, பாவலர் பாட்டை மற்ற நாளில் யாராவது பாடிக் கேட்டதுண்டா?"

"இல்லைங்க."

பாவலர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"இந்தக் கிறிஸ்துமஸில்?"

"மூணு கொட்டை விழுந்துதுங்க. மூணு தடவையும் தோணியில் வந்தது பாவலர் ஐயாதாங்க."

ராஜா சால்வையால் வாயை மூடிக்கொண்டு குலுங்கினார். பிறகு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, "பிலவேந்திரா, அவர் சொன்ன விதியை உடைக்க யாராலும் முடியும். கிறிஸ்துமஸ் பாட்டு என்றால் என்ன என்று நீயே சொல். பாவலர் தம் வாயாலேயே அதை ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் முதலிடம் அவருக்குத்தான்" என்றார்.

பிலவேந்திரன் பாவலரைப் பார்த்தான். பாவலர் ஒப்புக்கொள்வதாவது! தேக்கு கைவிட்டுப் போனது போலத்தான். ஆனால் பாவலர் பிறந்ததும் அதே சங்குத்துறைதான் என்பது அவனுக்குத் தெரியும்.

"மகாராஜா, மதலேனம்மாள் ஒரு தடவை பாடட்டும். முடியும்வரை பாவலர் ஐயா வாய் திறக்காமல் இருந்தால் போதும், அவரே ஜெயித்தார்."

"இவ்வளவுதானா!" என்று பாவலர் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

மதலேனம்மாள் கண்ணை மூடிக்கொண்டு பாடினாள்:

"எண்ணெய்ச் சட்டி காயுது,
முறுக்கு வெந்து சிவக்குது,
எல்லாரும் வந்தாச்சு..."

பாவலரின் கட்டைவிரல் தரையில் தாளம் போட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

"எங்க அண்ணன் ஏறிப் போன..."

அதோடு அவள் நிறுத்திவிட்டாள். அவளுடைய அண்ணன் சங்கு குளிக்கப் போய் இரண்டு வருஷமாகிறது, இன்னும் திரும்பவில்லை. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"...தோணி எந்தக் கரையில் நிக்குது?" என்று ஒரு குரல் எழுந்தது.

பாவலரின் குரல்தான். அதுவும் நல்ல சுருதியோடு! பாடி முடித்த பிறகுதான் அவர் வாயைப் பொத்தினார்.

பிலவேந்திரன் தாழ்ந்த குரலில் சொன்னான்: "மகாராஜா, பாடவே கூடாது என்று உட்கார்ந்திருப்பவரையும் பாட வைத்துவிடுவதுதான் கிறிஸ்துமஸ் பாட்டு."

பாவலர் வாயிலிருந்து கையை எடுத்தார். "எனக்கும் ஒரு அண்ணன் இருந்தான்" என்றார். பிறகு அசட்டுச் சிரிப்போடு, "ஒப்புக்கொள்கிறேன் மகாராஜா. தேக்கை அவர்களுக்கே கொடுங்கள்" என்றார்.

"கொடுத்தேன்!" என்றார் ராஜா. உடனே தச்சர் தலைவனைக் கூப்பிட்டார். அவனோ தலையைச் சொறிந்தான். "மரம் இருக்குங்க. ஆனா கூரை போடப் பத்து நாள் ஆகும். கிறிஸ்துமஸுக்குள்ள முடியாதுங்க."

மதலேனம்மாளின் முகம் மறுபடி வாடியது. ராஜா பிலவேந்திரனைப் பார்த்தார்.

"அதற்கென்ன மகாராஜா? பாவலர் ஐயா தச்சர்கள் நடுவில் உட்கார்ந்து தம் நூற்றிருபது விருத்தத்தையும் பாடட்டும். கூரை முடிகிறவரை நிறுத்தக் கூடாது. பத்து நாள் வேலையை மூன்றே நாளில் முடித்துவிட்டு ஓடிவிடுவார்கள்!"

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. பிலவேந்திரனுக்குத் தம் சால்வையையே எடுத்துப் போர்த்தினார்.

கூரை இரண்டே நாளில் முடிந்தது.