சொடுக்கு தெரியக் காட்டிய படலம்

கொன்றை சூடிய பெருமான் எல்லா உயிர்களுக்கும் அறிவை வாரி வழங்கினான். வழங்கிய வேளையில் திருக்கொன்றைமேட்டுப் பதிக மன்றத்தார் நால்வரும் கண்களை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆதலால் வாங்கிக்கொள்ளத் தவறினார்கள். பாட்டில் மெய்ம்மறந்தவர்களைக் குறை சொல்லலாகாது.

மன்றத் தலைவர் அம்பலக்கூத்தர் வாய் திறந்தால் கோபுரத்துப் புறாக்கள் அடங்கி உட்காரும். அத்தகைய குரல். ஐயாறப்பர் மத்தளம் வாசிப்பார். திருமேனி தாளம் போடுவார். மருதவாணருக்கு இலக்கணம் தெரியும். ஆகவே, மற்ற மூவரும் தாமாகவே செய்திருக்கக்கூடிய தவறுகளை அவருடைய துணையால் தக்க காரணத்தோடு செய்துவந்தார்கள்.

கோயில் வாசலை ஒட்டிய நாலுகால் மண்டபத்தில் நாள்தோறும் மாலையில் இவர்கள் பாடுவது வழக்கம். அந்த மண்டபத்தின் மேல் அறங்காவலர் குழுவின் பார்வை விழுந்தது. பக்தர்களின் செருப்புகளைப் பாதுகாக்க அதைவிட வசதியான இடம் வேறில்லை என்று குழுவினர் கண்டுகொண்டார்கள்.

கோயிலின் செயல் அலுவலர் கயற்கண்ணி அம்மையாருக்கு இதில் மனம் ஒப்பவில்லை. நெடுநேரம் யோசித்து அவர் ஒரு வழி கண்டார். சுவாமிக்கு மாலை சாத்த விரும்புவோர் நாளைப் பதிவு செய்துகொள்ளக் கோயிலார் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கியிருந்தார்கள். அதை எப்படிப் பயன்படுத்துவது என்று விளக்கும் காணொளி ஒன்றும் வெளியாயிற்று. அதில் எடுத்தவர் எங்கே அழுத்தினார், எதை இழுத்தார் என்பது ஒருவருக்கும் புலப்படவில்லை. பக்தர்கள் அலுவலகத்துக்கு வந்து முறையிட்டார்கள்.

அம்மையார் நால்வரையும் அழைத்தார். "பெரியவங்களே, உங்க குரல்ல நல்ல காணொளி ஒண்ணு எடுத்துக் குடுங்க. மன்றத்தால கோயிலுக்குப் பயன் இருக்குன்னு குழுவில நான் வாதாடுறேன். இல்லேன்னா பங்குனி உத்திரத்துக்கு அந்த மண்டபத்தில செருப்பு அடுக்கிடுவாங்க."

செருப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அம்பலக்கூத்தருக்குக் கண் கலங்கிற்று. "அம்மா, என்ன செய்யணும்னு சொல்லுங்க. சொன்ன சொல்லை மீற மாட்டோம்" என்றார். அந்த வாக்கை அவர்கள் கடைசிவரை காப்பாற்றினார்கள். வந்த தொல்லை முழுவதும் அதனால்தான்.

அம்மையார் பக்கத்திலும் ஒரு பிழை நேர்ந்தது. மவுஸ் என்றும் கிளிக் என்றும் சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். பதிகம் ஓதும் பெரியவர்கள் முன் தூய தமிழில் பேசுவதே மரியாதை என்று எண்ணி நிறுத்திக்கொண்டார். கணிப்பொறியின் பக்கத்தில் கிடந்ததைக் காட்டி, "இதுக்குப் பேரு சுட்டி" என்று தொடங்கினார்.

"முதல்ல திரையைப் பதிவு செய்யுங்க. சுட்டியைச் சுத்தி ஒரு மஞ்சள் வட்டம் இருக்கட்டும். அப்பத்தான் பார்க்கிறவங்க கண்ணுக்குத் தெரியும். சொடுக்கும்போதெல்லாம் சத்தம் கேக்கணும். அப்புறம் மாலையைப் பிடிச்சு, பிடி விடாம இழுத்து, பங்குனி உத்திர நாள் மேல கொண்டுபோய் விடுங்க. எல்லாம் மெதுவா."

"இவ்வளவுதானா?" என்றார் அம்பலக்கூத்தர்.

"இவ்வளவுதான்" என்றார் அம்மையார், பாவம்.

மறுநாள் காலை அலுவலகக் கணிப்பொறி ஒன்று தன் மேசையோடு மண்டபத்துக்கு எழுந்தருளியது. ஐயாறப்பர் தம் கைபேசியை மத்தளத்தின் மேல் சாய்த்து வைத்துப் பதிவுக்கு ஆயத்தம் செய்தார். செய்தவர் திரும்பிக் கேட்டார்.

"திரையைப் பதிவு செய்யணுமே. எந்தத் திரையை?"

"கோயில்ல திரைன்னா ஒண்ணுதானேய்யா? சாமிக்கு முன்னால போடுறது" என்றார் திருமேனி.

"கருவறையில படம் எடுக்கக் கூடாதுன்னு பலகை வெச்சிருக்கே!" என்று தலைவர் பதறினார்.

மருதவாணர் கையமர்த்தினார். "அம்மா 'கருவறைத் திரை'ன்னா சொன்னாங்க? வெறும் 'திரை'ன்னாங்க. அடைமொழி இல்லை. ஆகவே எந்தத் திரையும் பொருந்தும்."

பழைய பட்டுத்திரை ஒன்று கணிப்பொறிக்கு முன்னால் கட்டப்பட்டது. கைபேசி அந்தத் திரையைப் பதிவு செய்தது. திரையில் இரண்டு அன்னங்கள் இருந்தன, அவை அசையவில்லை. அம்பலக்கூத்தர் அந்த அன்னங்களை நோக்கிப் பதிகம் முழுவதையும் பாடி முடித்தார்.

"பார்க்கிறவங்களுக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு ஏக்கமா இருக்காதா?" என்றார் திருமேனி.

"இருக்கட்டும்யா. ஏங்கினாத்தானே பக்தி?" என்றார் தலைவர்.

பிறகு மணி அடித்துத் திரையை விலக்கினார்கள். கணிப்பொறிக்குக் கற்பூரம் காட்டினார்கள். அதன் முகத்தில் ஒரு மாலையின் படமும், அருகே நாட்காட்டியும், கீழே 'இங்கே சொடுக்கவும்' என்ற எழுத்துகளும் விளங்கின.

அடுத்தது மஞ்சள் வட்டம். மடப்பள்ளியில் அரைத்த மஞ்சளைக் கொண்டுவந்து, மேசைமேல் இருந்த சுட்டியைச் சுற்றித் திருமேனி அழகாக வட்டமிட்டார். சுட்டி பளிச்சென்று தெரிந்தது. தலைவர் மகிழ்ந்து அதன்மேல் கையை வைத்தார்.

"எடுங்க கையை!" என்று மருதவாணர் அலறினார். "சுட்டியைச் சுத்தி வட்டம் இருக்கட்டும்னுதானே உத்தரவு? சுட்டி நகர்ந்துட்டா வட்டத்துக்குள்ள யாரு இருப்பா?"

தலைவர் கையை இழுத்துக்கொண்டார். எத்தகைய அபசாரம் நேரவிருந்தது என்று நினைத்து நெஞ்சைத் தடவிக்கொண்டார். அதன்பின் அந்தச் சுட்டியை ஒருவரும் தீண்டவில்லை.

"இனிமே சொடுக்கணும்" என்றார் ஐயாறப்பர். "யாருக்கு நல்லா சொடுக்க வரும்?"

தலைவர் கட்டைவிரலையும் நடுவிரலையும் சேர்த்து முயன்றார். வாத நோய் கண்ட விரல்களில் ஓசை பிறக்கவில்லை. ஐயாறப்பரின் விரல்கள் மத்தளம் தட்டிக் காய்த்துப்போனவை. அவை உரசின, ஒலிக்கவில்லை. மருதவாணர் சொடுக்கின் இலக்கணத்தைச் சொல்ல முன்வந்தாரே ஒழிய, சொடுக்க முன்வரவில்லை.

"எனக்கு வரும்" என்றார் திருமேனி. "ஆனா கொட்டாவி விடும்போது வாய்க்கு நேரா சொடுக்கித்தான் பழக்கம். கொட்டாவி இல்லாம விரல் ஓடாது."

"அப்ப கொட்டாவி விடுமய்யா! மண்டபம் முக்கியமா, மானம் முக்கியமா?" என்றார் தலைவர்.

திருமேனி கணிப்பொறியின் முன்னால் நின்று, 'இங்கே' என்ற எழுத்துக்கு நேராக முகத்தைக் கொண்டுபோய், ஆவென்று வாயைத் திறந்து, அழகாக ஒரு சொடுக்குப் போட்டார். ஓசை கணீரென்று கேட்டது. கொட்டாவிக்கு ஒரு குணம் உண்டு. அது தனித்திருக்க விரும்புவதில்லை. தலைவர் வாய் திறந்தார். ஐயாறப்பர் திறந்தார். மருதவாணர் அடக்கிப் பார்த்துத் தோற்றார்.

"திருமேனி, இன்னொரு தடவை. பழைய காணொளியில ரெண்டு தடவை சொடுக்கணும்னு சொன்னதா ஞாபகம்" என்றார் ஐயாறப்பர்.

"ரெண்டு கொட்டாவிக்கு நான் எங்கய்யா போவேன்? காலையில நல்லாத் தூங்கி எழுந்து வந்திருக்கேன்!"

ஆயினும் மண்டபத்தை எண்ணி அவர் இரண்டாவது கொட்டாவியையும் ஈந்தார். கணிப்பொறியில் ஒரு மாற்றமும் இல்லை. "பெரிய இடம். மெதுவாத்தான் அசையும்" என்று தலைவர் அமைதி கூறினார்.

எஞ்சியது இழுப்பு.

"மாலையை இழுத்து நாள் மேல விடணும். மாலை எங்கே இருக்கு?" என்று மருதவாணர் வினவினார்.

"கணிப்பொறிக்குள்ளே."

"கணிப்பொறி எங்கே இருக்கு?"

"மேசை மேலே."

"அப்போ மேசையை இழுத்தா மாலை வராம எங்கேய்யா போகும்?"

மூவரும் அவரை வியந்து நோக்கினார்கள். இலக்கணம் கற்றவனின் பெருமை இத்தகைய நேரங்களில்தான் விளங்குகிறது. அலுவலகச் சுவரில் தொங்கிய நாட்காட்டியிலிருந்து பங்குனி உத்திரத் தாளைக் கிழித்து மண்டபத்தின் மறுகோடியில் தரையில் ஒட்டினார்கள். மேசைக் காலில் கயிற்றைக் கட்டி, தேர்வடம் பிடிப்பதுபோல் நால்வரும் பிடித்தார்கள்.

"மெதுவா! அம்மா மெதுவான்னு சொன்னாங்க!"

"இதுக்கு மேல மெதுவா இழுத்தா பின்னால போயிடும்யா!"

"பிடி விடாதீங்க! மூக்கு அரிச்சாலும் விடாதீங்க!"

அம்பலக்கூத்தர் பாடினார். மேசை ஆடி ஆடி அசைந்தது. மஞ்சள் வட்டத்தின் நடுவே சுட்டி கர்ப்பக்கிருகத்துத் தெய்வம்போல் அசையாமல் பவனி வந்தது. மேசையின் ஒரு கால் பங்குனி உத்திரத்தின் மேல் ஏறிய அதே நொடியில் மின்கம்பி முழுதும் இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டது. கணிப்பொறி இருண்டது.

"ஐயையோ! மாலையைக் காணோமே!" என்றார் திருமேனி.

அம்பலக்கூத்தர் வடத்தை விட்டுவிட்டுத் தலைமேல் கைகூப்பினார். அவர் கண்களில் நீர் பெருகியது. "காணாமப் போகலய்யா. சாமி ஏத்துக்கிட்டாரு."

நால்வரும் விழுந்து வணங்கினார்கள். அத்துடன் பதிவு நிறைவுற்றது.

அன்று மாலையே காணொளி அம்மையாரின் பார்வைக்குச் சென்றது. நால்வரும் அவருடைய மேசைக்கு எதிரே கைகட்டி நின்றார்கள். மண்டபத்தின் விதி அந்தச் சிறு கைபேசிக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அன்னங்களை அம்மையார் பொறுமையாகப் பார்த்தார். கற்பூரம் காட்டியபோது புருவத்தை உயர்த்தினார். திருமேனி வாயைத் திறந்து சொடுக்கியபோது, அம்மையாரும் தம்மை அறியாமல் ஒரு கொட்டாவி விட்டு, பழக்கத்தால் வாய்க்கு நேரே ஒரு சொடுக்குப் போட்டார்.

ஐயாறப்பர் தலைவரின் விலாவில் இடித்தார். "பார்த்தீங்களா! முதல் தடவையிலேயே அம்மாவுக்குப் புரிஞ்சுபோச்சு!"

மேசை பவனி வந்த இடத்தில் அம்மையார் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்களிலிருந்து நீர் வழிந்தது. மன்றத்தார் அதைப் பக்திப் பெருக்கென்று கொண்டு, தாங்களும் உடன் அழுதார்கள்.

பேச்சு வந்ததும் அம்மையார் சொன்னார்: "பெரியவங்களே, இந்தக் காணொளி என்னோடவே இருக்கட்டும். வேற யாரையாவது வெச்சு எடுத்துக்கிறேன். இப்படிச் சிரிச்சு எத்தனை வருஷமாச்சு! செருப்பை எங்கே வேணும்னாலும் வெச்சுக்கட்டும். குழுவுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். மண்டபத்தை உங்க கையிலேயே விட்டுட்டேன். போய்ட்டு வாங்க."

மறுநாள் மாலை கோயில் வாசலில் பாட்டுச் சத்தம் கேட்டது. மத்தளமும் தாளமும் கேட்கவில்லை. அம்மையார் போய்ப் பார்த்தார். நாலுகால் மண்டபத்தின் நான்கு தூண்களையும் நால்வரும் ஆளுக்கொன்றாக இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு பாடிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது? ஏன் தூணைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

"நீங்கதானேம்மா மண்டபத்தை எங்க கையில விட்டீங்க?" என்றார் அம்பலக்கூத்தர். "நேத்திலேருந்து விடல. பிரசாதம்கூட வர்றவங்க ஊட்டி விடுறாங்க."

"திருமேனி, கை பிசுபிசுங்குது, கழுவிட்டு வரேன்னாரு. மண்டபத்தைக் கை கழுவிட்டோம்னு ஊர்ல பேச்சு வந்துடும், வேண்டாம்னுட்டேன்" என்றார் மருதவாணர்.

"முதல்ல கையை எடுங்க எல்லாரும்!"

"எடுக்கலாம்மா. ஆனா எடுத்தா மண்டபம் யார் கையில இருக்கும்?" என்றார் மருதவாணர்.

தலைவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அம்மா, வயசான உடம்பு. ஒரு அவசரம். இதோ வந்துடுறேன். ஒரு நிமிஷம் இந்தத் தூணைப் பிடிச்சுக்கிறீங்களா?"

முதியவரின் முகத்தைப் பார்த்த அம்மையாருக்கு மறுக்க மனம் வரவில்லை. தூணைப் பிடித்தார். தலைவர் ஓடினார். அவர் மதில் மூலையைத் தாண்டவில்லை. மருதவாணரின் கூக்குரல் எழுந்தது.

"தலைவரே! காரியம் கெட்டுது! மண்டபத்தில கால் பாகம் மறுபடியும் நிர்வாகத்துக் கைக்குப் போயிடுச்சு!"

போன காரியம் முடியாமலே அம்பலக்கூத்தர் மூச்சிரைக்கத் திரும்பி ஓடி வந்தார். "அம்மா, மன்னிக்கணும், புத்தி கெட்டுச் செஞ்சுட்டேன். கையை எடுங்க, உடனே எடுங்க!"

அம்மையார் எடுக்கவில்லை. தூணை இன்னும் இறுகப் பிடித்துக்கொண்டு, கவலையோடு மேலே கூரையைப் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க ஐயா. முதல்ல நீங்க நல்லாப் பிடிச்சுக்குங்க, அப்புறமா நான் விடுறேன். நடுவில விழுந்துட்டா யாரு பதில் சொல்றது?"