மேட்டுச்சோலையில மூணு கன்னு

"பனி ஒரு தப்பும் பண்ணலைண்ணே. அது வருஷா வருஷம் வர்றதுதான். நாம நட்டதுதான் இந்த எடத்துக்குப் புதுசு," ன்னாரு பலவேசம்.

ஜெபமணி கருகின இலை ஒண்ணைக் கிள்ளிப் பாத்தாரு. மேட்டுச்சோலை ஓரமா நூத்தி அறுபது காட்டுநாவல் கன்னு வரிசையா கருகி நின்னுச்சு. நேத்து சாயங்காலம் வரைக்கும் இடுப்பு உசரம், பளபளன்னு இலை. விடிஞ்சு வந்து பாத்தா, வெந்நி ஊத்தின மாதிரி தொங்குது.

ஜெபமணிக்கு அறுபத்தொண்ணு ஆவுது. டீ பேக்டரியில முப்பது வருஷம் மிஷின் ஓட்டிட்டு, ரிட்டயர் ஆனதும் பலவேசத்தோட நர்சரிக்கு வேலை கத்துக்க வந்தவரு. பலவேசம் இவரைவிட இருபது வயசு சின்னவரு. இருந்தாலும் இவருக்கு அவரு வாத்தியாருதான்.

"நல்ல கன்னாத்தான பொறுக்கி நட்டேன் வாத்தியாரே?"

"எது நல்ல கன்னு?"

"உசரமா, நேரா வளந்தது."

"குட்டையா நின்னது?"

"குப்பைக்குழி பக்கம் வீசிட்டேன். வளராத கன்னைக் கழிக்கிறதுதான நர்சரி வழக்கம்? நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

"நான்தான் சொன்னேன்." பலவேசம் ஒரு பாறையில உக்காந்தாரு. முழங்காலைத் தடவிக்கிட்டாரு. "தேயிலைக்குச் சொன்னேன். நீங்க இதுக்கும் சேத்துக் கேட்டுக்கிட்டீங்க. நானும் பாத்துட்டு சும்மா இருந்தேன்."

நடந்தது இவ்வளவுதான். மேட்டுச்சோலையும் பள்ளச்சோலையும் முன்னாடி ஒரே காடு. நடுவுல தேயிலை வந்துச்சு. வந்தப்புறம் பழம் தின்ன குருவிகூட தாண்டிப் போறதில்லை. பள்ளத்துல நாவல் முன்னூறுக்கு மேல நிக்குது. மேட்டுல பதினொண்ணு. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி பள்ளத்து விதை ஒரு கூடை கெடச்சுது, மேட்டு விதை ஒரு மடி. எடம் பத்தலைன்னு ஜெபமணி ரெண்டையும் ஒரே பாத்தியில போட்டுட்டாரு. பள்ளத்துல உறைபனி விழாது, அங்கத்திய கன்னு சடசடன்னு ஏறிடும். மேட்டுக் கன்னு யோசிச்சு யோசிச்சு ஒரு இலை விடும்.

"அப்ப நான் வீசினதெல்லாம்..."

"பெரும்பாலும் மேட்டோடது."

ஜெபமணி தலைத்துண்டை அவுத்தாரு. "அந்த விதைக்கு அப்புறம் மேட்டு மரம் பதினொண்ணும் காய்க்கவே இல்லையே. அந்தப் பதினொண்ணும் பட்டுப்போச்சுன்னா இந்தச் சோலையில நாவல்னு ஒண்ணு இருக்காதே. நானே முடிச்சு வச்சிட்டேனா?"

பலவேசம் மேல தெரிஞ்ச தோட்டத் தொழிலாளி வீட்டு வரிசையைக் கை காட்டினாரு.

"மேல் லயத்துல முன்னாடி எண்பது வீடுண்ணே. இப்ப ஆறு. ஆறு வீட்டுலயும் காலையில கம்பளி இல்லாம வெளிய வர மாட்டாங்க. ஆறு வீட்டுலயும் மீன் குழம்புல பூண்டு போட மாட்டாங்க. ரெண்டுமே குளிருக்குத்தான் போலன்னு நானும் ரொம்ப நாள் நெனச்சேன்."

"இல்லியா?"

"கம்பளி குளிருக்கு. பூண்டு போடுற வீடெல்லாம் வேலை தேடித் திருப்பூருக்குப் போயிருச்சு, தற்செயலா மிஞ்சினது போடாத ஆறு வீடு. அவ்வளவுதான்."

ஜெபமணிக்குச் சிரிப்பு வந்துச்சு. பாதியில நின்னுபோச்சு.

ரெண்டு பேரும் குப்பைக்குழிக்கு நடந்தாங்க. வீசின கன்னெல்லாம் மண்ணு நிரப்பின பிளாஸ்டிக் கவரோட காஞ்சு கெடந்துச்சு. ஜெபமணி ஒண்ணொண்ணா பொரட்டிக்கிட்டே போனாரு. சட்டுன்னு மண்டி போட்டாரு.

"வாத்தியாரே! உசுரோட இருக்கு! மூணு!"

சாண் உசரம்கூட இல்லை. கவரைக் கிழிச்சுக்கிட்டு குப்பையில வேர் விட்டிருந்துச்சு. இலை பச்சையா இருந்துச்சு.

"பாத்தீங்களா? உசரமானதெல்லாம் செத்துச்சு. நான் கழிச்சது பனியைத் தாங்கிடுச்சு. இதுதான் மேட்டோட அசல்!"

பலவேசம் குனிஞ்சு பாத்தாரு. மூணுக்கும் மேல பழைய சிமெண்டுச் சாக்கு ஒண்ணு முள்ளுல மாட்டி, கூரை மாதிரி விரிஞ்சு கெடந்துச்சு. சாக்கு மேல வெள்ளையா உறைபனி. அடியில ஒரு பொட்டு இல்லை.

"சாக்கை யாருண்ணே போட்டது?"

"யாரும் போடலை. காத்துல வந்திருக்கும்."

சொன்னப்புறம்தான் ஜெபமணிக்கு ஒறைச்சுது. மூணையும் பாத்தாரு, சாக்கைப் பாத்தாரு.

"அப்ப இது பனியைத் தாங்குற கன்னா? இல்ல சாக்குக்குக் கீழ விழுந்ததால பொழைச்சதா?"

"தெரியாது."

"ஒரு நாளைக்குச் சாக்கை எடுத்து வச்சிட்டாத் தெரிஞ்சிடுமே?" அவரு கை சாக்கு நுனியைப் பிடிச்சிருந்துச்சு.

கீழ நர்சரியில இருந்து வேலைக்காரப் பையன் ஒருத்தன் பலவேசத்தைக் கூப்பிட்டான். "வாத்தியாரே! தண்ணி லாரி வந்தாச்சு! டிரைவர் நிக்க மாட்டேங்கறான்!"

பலவேசம் முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு எழுந்தாரு.

"அந்தக் கேள்வியைக் கேக்கறதுக்கு முன்னூறு கன்னு வேணும்ணே. நம்மகிட்ட மூணுதான் இருக்கு, செத்துச்சுன்னா வேற இல்லை," ன்னுட்டு எறங்கிப் போனாரு.