வேங்கை விதை எருவில் முளைத்த கதை

அந்தக் காலத்தில், மரமும் பறவையும் மண்ணும் வாய்விட்டுப் பேசிய நாட்களில், கண்ணுக்குத் தெரியாத நுண்ணிகளுக்குக் காடு செய்த அநியாயங்களை நடந்த வரிசையிலேயே சொல்ல வேண்டும். முதலில், காட்டில் இடம் பங்கு வைத்தபோது அவர்களைக் கூப்பிடவில்லை. இரண்டாவது, செத்து விழுந்ததையெல்லாம் மக்க வைக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டினார்கள். மூன்றாவது, அந்த வேலையைச் செய்ததற்காகவே நாற்றம் பிடித்தவர்கள் என்றார்கள். நான்காவது, ஒரு கன்று முளைத்தால் அதற்கு உதவியவர்களின் பெயரை இருவாச்சிப் பறவை உச்சிக்கிளையிலிருந்து எல்லாரும் கேட்க வாசிப்பது காட்டு வழக்கம். காற்றின் பெயர் வந்தது, மழையின் பெயர் வந்தது, சும்மா நிழல் கொடுத்த புதரின் பெயர்கூட வந்தது. நுண்ணிகளின் பெயர் ஒருநாளும் வரவில்லை.

ஐந்தாவதைச் செய்தது வேங்கை மரம். தன் விதைகள் அழுகலில் விழக் கூடாது என்று, அடியில் கிடந்த சருகு முழுவதையும் காட்டுக்கோழியைக் கிளறித் தள்ளச் சொன்னது. சருகோடு போன நுண்ணிகள், விழுந்து கிடந்த கட்டை ஒன்றின் கீழ் ஒதுங்கினார்கள்.

மூன்று மழைக்காலம் வந்து போயிற்று. வட்ட வட்டமான வேங்கைக் காய்கள் துடைத்த தரையில் கிடந்தன. ஒன்றுகூட முளைக்கவில்லை. நான்காம் ஆண்டு இடி விழுந்து வேங்கையின் நடுமரம் பிளந்தது. அந்த ஆண்டுக் காய்தான் கடைசி என்று அதற்கே தெரியும்.

காட்டுக்கோழி கட்டையடிக்கு வந்தது. "ஏய் பொடிச்சி, பெரியவர் கூப்பிடுகிறார்."

நுண்ணிகளில் வாய் பெரியவள் பொடிச்சி. "எங்களுக்கு ஏது கால்? கிளறித் தள்ளத் தெரிந்த உனக்குச் சுமக்கத் தெரியாதா?"

போகாதே என்று சிலர் தடுத்தார்கள். விதை என்ன பாவம் செய்தது என்று பொடிச்சி அவர்களை அடக்கினாள். கோழி பொடிச்சி இருந்த மண்ணில் ஒரு வாய் அள்ளிப் போய் மரத்தடியில் வைத்தது.

"என் பிள்ளைகளை எழுப்பு. என் இலையெல்லாம் உங்களுக்குத்தான்," என்றது வேங்கை.

"இலை எப்படியும் விழத்தான் போகிறது, பெரியவரே. விழுவதையா தானம் என்கிறீர்கள்? எங்கள் பெயரை வாசிக்கச் சொல்லுங்கள்."

"உன் பெயரை வேண்டுமானால் கடைசியில், மெதுவாக..."

"என் பெயர் எதற்கு? எங்கள் எல்லார் பெயரும். முதலில். உரக்க."

"நாறுகிற கூட்டத்துக்கு வந்த ரோஷத்தைப் பார்!" என்றது கோழி.

"நாங்கள் இன்னும் கைவைக்காததுதான் நாறும், கோழியக்கா. இந்த மண்ணை முகர்ந்து பாரேன்."

கோழி முகர்ந்தது. புதுமழை வாசம் அடித்தது. தலையைத் திருப்பிக்கொண்டது.

வேங்கை தன் அடியில் கிடந்த காய்களைப் பார்த்துவிட்டு, "சரி," என்றது.

கோழி, தான் தள்ளிய சருகையெல்லாம் திரும்பக் கூட்டிக் குவித்து, சாணியும் பொடிச்சியின் மண்ணும் கலந்தது. நுண்ணிகள் ஆயிரம் ஆயிரமாய்ப் பெருகினார்கள். குவியல் சூடேறி ஆறியதும் கோழி காய்களை அதில் புதைத்தது. நுண்ணிகள் கெட்டித் தோட்டை அரித்து இளக்கினார்கள். உள்ளே இருந்த பருப்பைத் தொடவில்லை. சில நாளில் எரு முழுக்கப் பச்சை பச்சையாய் முளை.

அன்று முதல்தான் வேங்கை விதை வெறுந்தரையில் அடம்பிடித்துக் கிடக்கிறது, நுண்ணிகள் பெருகிய எருவில் எழுந்து நிற்கிறது. அந்த முதல் காலையில் மானும் பன்றியும் காற்றும் மழையும் கூடி நிற்க, இருவாச்சி உச்சிக்கிளையில் ஏறி, தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் பெயரை வாசித்தது: "நுண்ணிகள்."