பெயரை உதறிய பவளம்

அந்தக் காலத்தில், கடலுக்குள் இருந்தவை எல்லாம் பேசின. கேட்டால் பதிலும் சொல்லின. பவளங்களுக்கு அப்போது ஆளுக்கு ஒரே உருவம்தான். கொம்புப் பவளம் எந்தக் கடலிலும் கொம்பாகவே இருந்தது. தட்டுப் பவளம் ஆழத்திலும் தட்டு, கரையோரத்திலும் தட்டு. பார்த்தவுடன் பெயர் சொல்லிவிடலாம். ஒடிந்தால் அதோடு சரி, செத்துப்போகும்.

அந்தக் கரையில் சடையன் என்று ஒருவன் இருந்தான். முத்துக் குளிப்பவன். ஐம்பது வயது தாண்டிய பிறகு ஒரு நாள், ஆழத்தில் அவனுக்குக் காது வெடித்தது. இடது காது முழுவதும் போனது, வலது காதில் பாதி மிஞ்சியது. அதற்குப் பிறகு இடுப்பளவுத் தண்ணீருக்கு மேல் இறங்கினாலே தலை சுற்றியது.

கடலுக்குள் போக முடியாதவன் கடலை வீட்டுக்குக் கொண்டுவந்தான். வாசலுக்கு முன்னால் இருந்த பாறையைக் குடைந்து தொட்டி செய்தான். கடலிலிருந்து அதற்கு ஒரு வாய்க்கால் வெட்டினான். அலை ஏறும்போது புதுத் தண்ணீர் உள்ளே வரும், வற்றும்போது பழைய தண்ணீர் வெளியே போகும். அந்தத் தொட்டியில் வகைக்கு ஒன்றாகப் பவளங்களை வைத்து வளர்த்தான்.

ஆழத்தில் புதிதாக எதைக் கண்டாலும் குளிகாரர்கள் அவனிடம்தான் எடுத்து வந்தார்கள். அவன் பார்த்துச் சொன்னால் அதுதான் பெயர். ஊரில் அவனுக்கு மிச்சமிருந்த மரியாதை அது ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் தான் யார் என்று சில நாள் விடியற்காலையில் அவன் யோசிப்பதுண்டு. யோசனையை முடிப்பதற்குள் எழுந்து தொட்டிக்குப் போய்விடுவான்.

ஒரு நாள் அவன் மைத்துனன் உத்தண்டி ஒரு பானையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"மச்சான், நங்கூரக் கல்லோட மாட்டிக்கிட்டு வந்துச்சு. இது என்னன்னு சொல்லு."

பானைக்குள் கையளவு பவளம் ஒன்று இருந்தது. கத்தரிப்பூ நிறம். அதன் மேல் புள்ளி புள்ளியாகப் பச்சை வாய்கள். ஒரு பக்கம் குட்டை விரல்கள், மறுபக்கம் தட்டு. சடையன் பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"என்ன, உனக்கே தெரியலையா?"

"யாருக்குத் தெரியல? வெயில் கண்ணைக் கூசுது."

"நிழல்லதானே நிக்கிறோம்?"

"நாலு நாள் பொறு, சொல்றேன்."

"சரி. பௌர்ணமி அன்னைக்குக் காலையில எல்லாரும் இங்கே வாரோம். படகுல இருந்தவன் எல்லாம் நான் நீன்னு பெயர் சொல்லிப் பாத்தாச்சு. உன் வாயால கேட்டாத்தான் அடங்குவானுங்க."

அவன் போனதும் சடையன் பவளத்தைத் தொட்டியில் இறக்கினான்.

"உன் பெயர் என்ன?"

"எங்களுக்குள்ள பெயர் கிடையாது அண்ணே," என்றது பவளம். "மேலே இருந்து நீங்கதான் கூப்பிடுறீங்க. கூப்பிட்டதும் நாங்க அப்படியே விறைச்சு நின்னுடுவோம். என்னை இதுவரைக்கும் யாரும் கூப்பிட்டதில்லை."

"எங்கே இருந்தே?"

"ஒரு குகை வாசல்ல. அங்கே வெளிச்சம் எட்டிப் பாத்துட்டுப் போயிடும். தண்ணி மெல்ல..."

சடையன் மேற்கொண்டு கேட்கவில்லை. அவனுக்கு வேண்டியிருந்தது பெயர்.

தொட்டியில் ஒரு நண்டும் இருந்தது. அழைக்காமல் வாய்க்கால் வழியாக வந்து தங்கிவிட்ட நண்டு. அதனிடம் கேட்டான்.

"அண்ணாச்சி, நான் கல்லுன்னு நினைச்சு ஏறி உக்காந்தேன். கொட்டிருச்சு. அதனால கல்லு இல்ல. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

மறுநாள் விடிந்ததிலிருந்து சடையன் அந்தப் பவளத்தை மற்றப் பவளங்களின் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்த்தான். கொம்பு இல்லை. தட்டு என்றால் விரல் இடித்தது. விரல் என்றால் தட்டு இடித்தது. உச்சிவேளையில் அவனுக்குப் பொறுமை போனது. விரல்களை எண்ணினான், பதினொன்று இருந்தன. தட்டுப் பக்கத்தைப் பார்க்காமல் இருந்துகொண்டான்.

"நீ விரல் பவளம்," என்றான்.

பெயர் விழுந்ததும் பவளத்தின் தட்டுப் பக்கம் சுருங்கியது. பதினொரு விரல்களும் விறைத்தன. விரல் பவளத்துக்கு உச்சி வெயில் வேண்டும் என்பது அவனுக்குத் தெரியும். தொட்டியிலேயே வெயில் அதிகம் விழும் இடத்தில் எடுத்து வைத்தான்.

"அண்ணே, சுடுது."

"விரல் பவளத்துக்குச் சுடாது."

"எனக்குச் சுடுதே."

"பழகிடும்."

கஞ்சியோடு வந்த அவன் மனைவி நாகி நின்று கேட்டாள். "அது சுடுதுங்குது. நீங்க சுடலைங்கிறீங்க. வெயில்ல கிடக்கிறது யாரு?"

"உனக்குப் பவளத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. அதான் கேட்டேன்," என்று கலயத்தை வைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த நாள் விரல் நுனிகள் வெளுத்தன. அதற்கும் அடுத்த நாள் கத்தரிப்பூ நிறம் முழுவதும் போய், பவளம் சுண்ணாம்பாக நின்றது. பச்சை வாய்கள் மூடிவிட்டன. சடையன் அதை அவசரமாக நிழலுக்கு மாற்றினான். அங்கும் அது தேறவில்லை. வைத்த பெயர் வெயிலைக் கேட்டது, உடம்பு நிழலைக் கேட்டது. நடுவில் கிடந்து பவளம் செத்துக்கொண்டிருந்தது.

சடையன் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். முதல் நாளே தனக்குச் சந்தேகம் வந்ததை இப்போது நினைத்துப் பார்த்தான். அன்று அதைச் சந்தேகம் என்று ஒப்புக்கொள்ளாமல் வெயில் என்று சொல்லியிருந்தான். இதற்கு முன்னால் எத்தனை முறை அப்படிச் சொல்லியிருப்பான்? கணக்குப் பார்க்கப் பயமாக இருந்தது.

பௌர்ணமி அன்று காலையில் இருபது முப்பது பேர் வந்து தொட்டியைச் சுற்றி நின்றார்கள்.

"சொல்லு மச்சான்," என்றான் உத்தண்டி.

விரல் பவளம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவார்கள். மாலைக்குள் பவளம் செத்துவிடும். பவளம் சாவது வழக்கம்தான், அதற்காக யாரும் அவனைக் கேள்வி கேட்கப் போவதில்லை. அந்த வார்த்தை அவன் நாக்கு வரைக்கும் வந்தது. அப்போது வெளுத்த பவளத்தில் ஒரே ஒரு வாய், பச்சையாக, கடுகளவு திறந்தது.

"நான் இதுக்கு விரல் பவளம்னு பெயர் வச்சேன்," என்றான் சடையன். "தப்பு. இது விரல் பவளம் இல்ல."

"அப்ப வேற என்ன?"

"எனக்குத் தெரியாது."

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒருவன், "காது போனவனுக்குக் கண்ணும் போயிருச்சு போல," என்றான். சிரிப்பு எழுந்தது. பாதிக் காதிலும் அது சடையனுக்கு நன்றாகவே கேட்டது. சிரித்தபடியே அவர்கள் கலைந்து போனார்கள். உத்தண்டி மட்டும் போகவில்லை.

"அண்ணே," என்றது பவளம் மெல்ல. "விறைப்பு விட்டுருச்சு."

சடையன் குனிந்தான். "உன்னை எங்கே வைக்கட்டும்?"

"தெரியல. உடம்புல தெம்பில்ல. சரியான இடம் ஒண்ணு கிடைச்சாப் பிழைப்பேன்."

"இன்னொரு தரம் தப்பான இடத்துல வச்சா நீ தாங்க மாட்டே."

"அப்ப உடைச்சு நாலு இடத்துல வைங்க."

"உடைச்சா செத்துடுவே. ஒடிஞ்ச பவளம் பிழைச்சு நான் பார்த்ததில்ல."

"கொம்பு ஒடிஞ்சா கொம்பு இல்லாமப் போகும், அதனால அது சாகும். நான் எதுவா இருக்கேன், ஒடிஞ்சா இல்லாமப் போக?"

சிப்பி பிளக்கும் கத்தியை நாகியே கொண்டுவந்து கொடுத்தாள். சடையன் கண்ணை மூடிக்கொள்ள நினைத்தான். மூடினால் கோணலாக வெட்டிவிடுவோம் என்று திறந்தே வைத்திருந்தான். ஐந்து துண்டாக உடைத்தான்.

ஒன்றை வெயிலில் வைத்தான். ஒன்றைப் பாறை இடுக்கின் அடியில் வைத்தான். ஒன்றை வாய்க்கால் வாயில், தண்ணீர் இழுக்கும் இடத்தில் வைத்தான். ஒன்றைத் தண்ணீர் அசையாத மூலையில் வைத்தான். ஐந்தாவதை உத்தண்டியிடம் நீட்டினான்.

"நீ நங்கூரம் போட்ட இடத்துல ஒரு குகை வாசல் இருக்கும். அங்கே சொருகிட்டு வா. நான் போக முடியாது."

"அதை நீ சொல்லணுமா?" என்று வாங்கிக்கொண்டு போனான் உத்தண்டி.

ஒரு மாதம் அந்தத் துண்டுகளில் ஒரு மாற்றமும் இல்லை. சடையன் தினமும் பார்த்தான், எந்தப் பெயரும் சொல்லவில்லை. பிறகு வெளுப்புப் போய் நிறம் ஏறியது. உருவம் பழையபடி வரவில்லை, நிறமும் ஒன்றுபோல இல்லை. வெயிலில் இருந்தது மஞ்சள் உருண்டையாகத் திரண்டது. இடுக்கில் இருந்தது, வருகிற கொஞ்ச வெளிச்சத்தையும் ஏந்திக்கொள்ளத் தட்டாக விரிந்தது. இழுப்புத் தண்ணீரில் இருந்தது குட்டையாகத் தடித்தது. மூலையில் இருந்தது மெல்லிய விரல்களை நீட்டியது.

"அண்ணாச்சி, இதுல எது அது?" என்று கேட்டது நண்டு.

"எல்லாமே அதுதான்."

"அப்ப நான் எதுல உக்காரக் கூடாது?"

அந்த வாரம் உத்தண்டி தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்து நின்றான். "மச்சான், நல்ல காரியம் பண்ணினே போ! குகை வாசல்ல அது கத்தரிப்பூ நிறத்துல ஜம்முன்னு இருக்கு. பக்கத்துல இருந்ததெல்லாம் எப்படிப் பிழைச்சேன்னு கேட்டிருக்கு. பெயரை உதறிட்டேன்னு இது சொல்லியிருக்கு. இப்போ கடலடியில கொம்பு கொம்பா இல்ல, தட்டு தட்டா இல்ல. அடையாளம் வச்சு நீந்துனவன் எல்லாம் வழி தெரியாம முழிக்கிறான்!"

சடையன் சிரித்தான். காது போன நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நாகி பார்த்ததில்லை.

சிரித்துவிட்டுப் போனவர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்கள். புதுப் பவளம் கிடந்த பானையை இறக்கி வைத்துவிட்டுப் பெயருக்காகக் காத்து நின்றார்கள். சடையன் பவளத்தின் பக்கம் குனிந்து, நல்ல காதைக் காட்டி, "எங்கே இருந்தே? வெளிச்சம் எவ்வளவு? தண்ணி ஓடுமா, நிக்குமா?" என்று கேட்டான். அது சொல்லி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தான்.

அன்று முதல்தான் பவளம், தான் நிற்கும் இடத்துத் தண்ணீரையும் விழும் வெளிச்சத்தையும் பார்த்து உருவமும் நிறமும் கொள்கிறது. ஒடித்து வைத்த துண்டும் முழுப் பவளமாக வளர்கிறது. வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்துப் பவளம் வளர்ப்பவர்கள், இதுவரை காணாத ஒன்று கைக்கு வந்ததும், அதன் பெயரைக் கேட்பதற்கு முன் அது எங்கே இருந்தது என்று கேட்பதும் அன்று முதல்தான்.