பிலோமினாவின் இரண்டு சேலைகள்

சவரிமுத்து பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எதிலும் அவசரம். தையல் வகுப்பில் சேர்ந்த அன்றே மிஷினில் உட்காரப் பார்த்தார். கற்றுக்கொடுக்கும் மெஹருன்னிசாவுக்கு அவர் மகள் வயதுதான்.

"டீச்சர், மக லில்லி வெளிநாடு போறா. அவ அம்மா சேலையில ஒரு போர்வை தச்சுக் குடுக்கணும்."

மனைவி பிலோமினா இறந்த பிறகு அவள் சேலைகளைச் சொந்தக்காரர்கள் ஆளுக்கொன்றாக எடுத்துப் போக, மிஞ்சியவை இரண்டே நூல் சேலைகள். அடியில் ஒன்று, நடுவில் பழைய கம்பளி, மேலே ஒன்று. மூன்றும் நகராமல் இருக்க முதலில் கையால் பெரிய தையலாக நூலோட்ட வேண்டும். பிறகுதான் மிஷின். நைந்த துணி; மிஷின் ஊசி தப்பாக இறங்கினால் சேலை போயிற்று. வேறு சேலைக்கு எங்கே போவது?

சவரிமுத்து அடிச்சேலையைத் தரையில் விரித்தார். விறைப்பாக இழுத்து ஓரமெல்லாம் டேப் ஒட்டினார். ஒரு சுருக்கம் இல்லை. மற்ற இரண்டையும் மேலே பரப்பி நூலோட்டி முடித்தார். நிமிர்ந்து பார்த்துக்கொண்டார், அவ்வளவு பெருமை.

டேப்பை எடுத்ததும் அடிச்சேலை உள்வாங்கியது. போர்வை முழுக்க அப்பளம் பொரிந்த மாதிரி ஆகிவிட்டது.

மெஹருன்னிசா கத்தரிக்கோலை நீட்டினார்.

"எல்லாத்தையும் பிரிக்கணுமா?"

"ஆமாண்ணே."

"சுருக்கம் இருக்கக் கூடாதுன்னுதானே இழுத்தேன்?"

"இழுத்தா கையை எடுக்கிற வரைக்கும்தான் நிக்கும். சும்மா விரிங்க. நடுவுல இருந்து வெளிய தடவிக் குடுங்க."

பிரித்தார். விரித்தார். தடவினார். துணி மெல்லப் படிந்தது. மேல்சேலைக்கு வந்தபோது கை நின்றது.

"என்னண்ணே?"

"லில்லிய பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்ப இதத்தான் கட்டியிருந்தா. என் பஸ்லதான் வந்தாங்க. யாரோ மாதிரி டிக்கெட் வாங்கிட்டு உக்காந்துக்கிட்டா, டீச்சர். லில்லிதான் அப்பான்னு கத்திட்டா. பஸ்ஸே சிரிச்சுது."

சிரித்தார். கண் நிறைந்தது. மெஹருன்னிசா ஊசியில் நூல் கோத்துக்கொண்டு காத்திருந்தார்.

மேல்சேலையும் படிந்தது. ஓரிடத்தில் மட்டும் வரிவரியாக மடிப்பு. எத்தனை தடவியும் போகவில்லை.

"இத மட்டும் கொஞ்சம் இழுத்துக்கட்டுமா?"

மெஹருன்னிசா குனிந்து அந்த வரிகளைத் தொட்டுப் பார்த்தார்.

"வேணாம்ணே. அவங்க கொசுவம் வச்ச இடம். அப்படியே வச்சு நூலோட்டுங்க."