யானை எட்டிய தூரம்

சீடருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. குருவுக்கு முப்பதுகூட ஆகவில்லை.

சீடர் ராஜசிம்மன், மதுரையில் பல் டாக்டர். குரு தமயந்தி. விரல் உயரப் பொம்மை வீரர்களை மேசையில் நிறுத்திப் பழங்காலப் போர்களை நடத்துகிற ஆட்டத்தில் தமயந்தியை ஜெயித்தவர்கள் குறைவு. டாக்டர் முதலில் கேலிக்குத்தான் "குருவே" என்று கூப்பிட்டார். தொடர்ந்து தோற்றதில் கேலி போய்விட்டது, "குருவே" மட்டும் நிலைத்துவிட்டது.

அன்று கல்யாண மண்டபம் ஒன்றில் அரையிறுதி. டாக்டருடையது பாண்டியர் யானைப்படை. எதிரே திண்டுக்கல்லில் மருந்துக்கடை வைத்திருக்கும் அருள்தாஸ், யவனர்களின் ஈட்டிப்படையோடு. பந்தி போடுகிற நேரத்தில் டாக்டர் மண்டபம் அதிரக் கத்தினார்.

"கள்ளாட்டம்!"

அடுத்தவர் வாயைத் திறக்கவைத்தே பிழைக்கிறவர், அன்று தன் வாயை மூடவே இல்லை. ஆட்டக்காரர்கள் நடுவே அது லேசான சொல்லும் இல்லை. நிரூபணமானால் மூட்டை கட்ட வேண்டியதுதான், அப்புறம் எந்த ஊர்ப் போட்டியிலும் இடம் கிடைக்காது. நிரூபணம் ஆகாவிட்டாலும் பெயர் கெட்டது கெட்டதுதான்.

நடுவர் ஓடி வந்தார்.

"கத்தாதீங்க டாக்டர். போய்ச் சாப்பிட்டு வாங்க. மேசை இப்படியே இருக்கட்டும். அளந்து பாக்கலாம், ஆனா பொம்மையை யாரும் தொடக்கூடாது. கைத்தவறுன்னா, நகர்ந்த பொம்மைத் தகட்டைப் பழைய இடத்துல வச்சிட்டு ஆட்டத்தைத் தொடருவோம். கள்ளாட்டம்தான்னு நீங்க நின்னா, ஒரு சாட்சியைக் கூட்டிட்டு வாங்க."

"நான் ஒண்ணும் தள்ளலை," என்றார் அருள்தாஸ். முகம் கறுத்துவிட்டது. பந்திக்குப் போகாமல் வாசல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

டாக்டரும் சாப்பிட உட்காரவில்லை. பந்தியில் குருவைத் தேடிப் பிடித்தார்.

"குருவே, எந்திரிங்க."

"ரசம் ஊத்திட்டாங்க டாக்டர்."

"ரசமா இப்ப முக்கியம்? அங்க பட்டப்பகல்ல திருட்டு நடந்திருக்கு!"

குரு ரசத்தை முடித்தார். மோரும் வாங்கிக்கொண்டார். இலையை மூடி, கை கழுவி, நிதானமாக வந்தார். அதற்குள் டாக்டருக்கு ரத்தம் தலைக்கு ஏறியிருந்தது.

மேசையில் பச்சைத் துணி விரித்து, வறண்ட பூமி மாதிரி தெரிவதற்காக மரத்தூள் தூவியிருந்தார்கள். அதன்மேல் படைகள். பொம்மைகளைத் தனித்தனியாக நிறுத்துவதில்லை, நாலைந்தாகச் சேர்த்துச் சின்னத் தகடுகளில் ஒட்டியிருப்பார்கள். நகர்வதானால் தகடுதான் நகரும், அதுவும் ஒரு முறைக்கு இத்தனை அங்குலம்தான் என்று டேப்பால் அளந்து.

"இந்த யானையைப் பாருங்க. இது ஓடி அந்த ஈட்டிக்காரனை எட்டிட்டா அவன் வரிசையே உடைஞ்சு போகும். ஆட்டம் என்னோடது. அளக்கிறேன்னு டேப்பை நீட்டினான். டேப்பைப் பிடிச்ச விரலாலேயே அவன் தகட்டைப் பின்னால தள்ளிட்டான். இப்ப ஒரு நூல் எட்டலையாம்! எவ்வளவு கொழுப்பு!"

குரு குனிந்து பார்த்தார். ஈட்டிக்காரர்கள் நின்ற தகட்டுக்கு முன்னால், மரத்தூள் இல்லாமல், மெல்லிய பச்சைக் கோடு தெரிந்தது.

"நகர்ந்திருக்கு," என்றார்.

"நகர்ந்திருக்கா? நகர்த்தியிருக்கான்!"

"கைத்தவறுன்னு சொல்லுங்க. தகடு பழைய இடத்துக்கு வந்துரும். உங்க யானையும் எட்டிரும்."

"எட்டி என்ன பிரயோஜனம்? அவன் வெளியே போகணும் குருவே! ஒரு வருஷம் கண்ணு அவிய உட்கார்ந்து இந்த யானைகளுக்கு நகம் நகமா பெயிண்ட் அடிச்சிருக்கேன். கிளினிக்கைச் சாத்திட்டு வந்திருக்கேன். இவன் விரலால ஒரு தள்ளு தள்ளிட்டுப் போவான், நான் கைத்தவறுன்னு சொல்லிட்டுச் சிரிக்கணுமா?"

"வேணும்னுதான் செஞ்சார்னு எப்படித் தெரியும்?"

"தகடு நகர்றது தொட்ட விரலுக்குத் தெரியாம இருக்குமா? நான் பல்லு பிடுங்கிற ஆளு. என் கைக்குத் தெரியாம ஒரு மயிரிழை நகருமா? அதெல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சிருக்கான். இருங்க, நானே அளந்து காட்டுறேன்."

டாக்டர் டேப்பை எடுத்தார். அதன் முனையை யானைத் தகட்டின் முகப்பில் வைத்து இடது கட்டைவிரலால் அழுத்திப் பிடித்தார். வலது கையால் விறுக்கென்று ஈட்டிப்படை வரை இழுத்தார். குனிந்து எண்ணைப் படித்தார். கண்கள் விரிந்தன.

"குருவே! பழைய இடத்தை விடுங்க. இப்ப நிக்கிற இடத்துக்கே எட்டுது! அளவையும் பொய்யாச் சொல்லியிருக்கான், படுபாவி! ஒரே ஆட்டத்துல ரெண்டு திருட்டு!"

குரு யானைக்குப் பின்னால் விரலைக் காட்டினார்.

தகட்டின் பின்விளிம்பை ஒட்டி ஒரு பச்சைக் கோடு. முன்விளிம்பில் மரத்தூள் லேசாகக் குவிந்து கிடந்தது.

டாக்டர் மூக்கு துணியில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

"இது முன்னாடியே இருந்திருக்கும்."

"இப்பதான் வந்துச்சு."

"நான் தள்ளலை."

"சரி."

"சத்தியமா எனக்குத் தெரியலை குருவே!"

"சரிங்க டாக்டர்."

அந்த 'சரி' டாக்டருக்குப் பொறுக்கவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பார். காது மடல் வரை சூடேறியது. அருள்தாஸ்மேல் இருந்த கோபம் கொஞ்சமும் தணியவில்லை. அதோடு குருமேலும் கோபம் வந்தது, மரத்தூள் தூவியவன்மேல் வந்தது, தன் கட்டைவிரல்மேலும் வந்தது. சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பந்தியில் இருந்தார்கள்.

குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க மட்டும்தான் பாத்தீங்க. பேசாம பின்னால நகர்த்தி வச்சிடறேன். கோட்டைத் தூவி மறைச்சிரலாம்."

கை யானையை நோக்கி நீண்டது.

"பொம்மையைத் தொடக்கூடாதுன்னு நடுவர் சொல்லிட்டுப் போயிருக்கார்."

"நான் என்ன ஏமாத்தவா செய்றேன்? இருந்த இடத்துலதானே வைக்கப்போறேன்!"

"அதை அவர் வந்து வைக்கட்டும்."

நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. பிறகு சட்டைப்பைக்குள் போய்விட்டது.

பந்தி முடிந்து ஆட்கள் ஏப்பம் விட்டபடி வந்தார்கள். வம்பு என்றால் யாருக்குத்தான் ஆசை இல்லை? மேசையைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. நடுவர் வந்தார். அவருக்குப் பின்னால் அருள்தாஸ், டாக்டர் இருக்கும் பக்கம் திரும்பாமலே வந்து நின்றார். உதடுகள் துடித்துக்கொண்டிருந்தன. கோபமா அழுகையா என்று சொல்ல முடியவில்லை.

"சொல்லுங்க டாக்டர்," என்றார் நடுவர். "கைத்தவறா, கள்ளாட்டமா? சாட்சி யாரு?"

டாக்டர் சட்டைப்பையிலிருந்து கையை வெளியே எடுத்தார். தன் கட்டைவிரலைப் பார்த்தார்.

"நான் சாட்சி," என்று குரு முன்னால் வந்தார்.

டாக்டர் சட்டென்று திரும்பினார்.

"எதுக்கு குருவே சாட்சி?"

"ரெண்டு தகடு நகர்ந்ததுக்கு. ரெண்டுக்கும் பேரு ஒண்ணுதான் டாக்டர். எதுன்னு நீங்களே சொல்லுங்க."