பேச்சியம்மாளின் முணுமுணுப்பு

பதினாறு வருஷம் வார்டில் நர்ஸாக வேலை பார்த்தவள் செல்வக்கனி. பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டுப் போய் மேற்படிப்பு படித்தாள். தானே சிகிச்சை தரும் தகுதியுள்ள நர்ஸ் பிராக்டிஷனர் ஆகி, அதே வார்டுக்குத் திரும்பி வந்தாள். பட்டம் பொறித்த பேட்ஜைக் குத்திக்கொண்ட அன்றைக்கே, மீசை கூடச் சரியாக முளைக்காத ஒரு டாக்டர், "சிஸ்டர், ஒரு காபி சொல்லுங்க" என்றான்.

சுருக்கென்றது அவளுக்கு.

மறுநாள் வார்டு முழுக்கச் சொல்லிவிட்டாள். "இனிமே சிஸ்டர், அக்கா, தாயி எதுவும் கிடையாது. பிராக்டிஷனர் மேடம்னு கூப்பிட்டாத்தான் திரும்புவேன்."

"அதைச் சொல்லி முடிக்கதுக்குள்ள எனக்குக் காய்ச்சலே எறங்கிருமே!" என்றார் ஒரு நோயாளி. வார்டே சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் சொன்னபடிதான் நடந்தாள். "சிஸ்டர்" என்றவர்களைக் காதில் வாங்காமல் கடந்து போனாள். சீக்கிரமே எல்லோரும் பழகிக்கொண்டார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் பேச்சியம்மாள். பீடி சுற்றுகிற பெண். கையில் டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தது. அன்று காலை செல்வக்கனி அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் உதடு அசைந்தது. சாமி கும்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் செல்வக்கனி.

மத்தியானம் பாட்டில் மாற்றப் போர்வையை விலக்கினாள். கை பூரி மாதிரி உப்பியிருந்தது. ஊசி நழுவி, மருந்தெல்லாம் சதைக்குள் இறங்கியிருந்தது. தோல் கறுத்துப்போயிருந்தது.

"ஐயோ! ஏன் கூப்பிடல?"

"கூப்பிடத்தான் பாத்தேன் தாயி..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பிரா... பிராக்..." நல்ல கையால் வாயை மூடிக்கொண்டாள். "வாயில நிக்க மாட்டேங்குது. காலையிலேருந்து சொல்லிச் சொல்லிப் பாத்தேன். சரியா வந்ததும் கூப்பிடலாம்னு இருந்தேன்."

சில நாள் கழித்து செல்வக்கனி ரூபாவதி டீச்சரைத் தேடிப் போனாள். மேற்படிப்பில் அவளுக்குப் பாடம் எடுத்தவர். வயதில் இளையவர், மாணவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

பேட்ஜைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். "இது எனக்கு வேண்டாம் டீச்சர்."

"என்னக்கா ஆச்சு?"

ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"கை?"

"பொழைச்சிருச்சு. ரெண்டு விரல் மடங்காதாம்."

"பீடி சுத்துற கையா?"

செல்வக்கனி தலையை மட்டும் ஆட்டினாள்.

"பாத்ததும் என்ன செஞ்சீங்க?"

"டிரிப்ஸை நிறுத்தினேன். ஊசியைப் பிடுங்காம அது வழியாவே முடிஞ்சமட்டும் உறிஞ்சி எடுத்தேன். முறிவு மருந்து போட்டேன்."

"படிக்க வர்றதுக்கு முன்னாடியே தெரியுமா அது?"

"இல்ல. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

"அது தெரியலேன்னா?"

"கையே போயிருக்கும்."

டீச்சர் எழுந்து வந்தார். பேட்ஜை எடுத்து அவள் நெஞ்சில் பழைய இடத்திலேயே குத்திவிட்டார்.

"வேண்டாம் டீச்சர். கழட்டிட்டா மனசு கொஞ்சம் லேசாகும்."

"ஆகும். உங்களுக்கு."

செல்வக்கனிக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் கேட்டது தப்பா டீச்சர்? படிச்ச படிப்புக்கு ஒரு மரியாதை வேண்டாமா?"

"வேணும்க்கா. அந்த டாக்டர் தம்பிகிட்ட கேட்டீங்களா?"

"இல்ல டீச்சர். அவர்கிட்ட சொல்ல வாய் வரல."

சாய்ந்திருந்த பேட்ஜை டீச்சர் விரலால் நேராக்கினார்.

"கனம்தான். நீங்க பாடுபட்டுச் சம்பாதிச்ச பாரம், நீங்க சுமக்கலாம். அதை ஏன்க்கா அந்தம்மா நாக்குல ஏத்துனீங்க?"